ஸ்பீக்கர் அண்ணனின் வராத புயல்

மட்டக்களப்பின் கல்லடியில் இதுவரை பிறந்தவர்களில் மெதுவாகப் பேசத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் ஒழுங்கை ஸ்பீக்கர் அண்ணன்தான். அவர் உங்கள் காதுக்குள் சொல்லும் இரகசியம் பாலத்தைத் தாண்டி டவுனில் கேட்கும். கல்யாணம், கோயில் திருவிழா, செத்தவீடு எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பது அவர் தொழில். வாடகைக்குப் போகாத ஒரு குழாய் ஸ்பீக்கர் மட்டும் அவர் வீட்டுத் தென்னையில் நிரந்தரமாகக் கட்டியிருக்கும். அது இந்த ஒழுங்கைச் சந்தில் இருக்கும் எங்களுக்கான இலவசச் சேவை.

பக்கத்து வீட்டுக் கிளியக்காவின் ஆடு காணாமல் போனபோது, "எடுத்தவர் ஆரெண்டாலும் கறி வைக்காமக் கொண்டுவந்து கட்டுங்க. ஆடு சினை!" என்று அறிவித்தார். மாலையே ஆடு திரும்பிவிட்டது. அதே ஊக்கத்தில் இன்னொரு நாள், "பத்திரிகைத் தம்பி, உங்கட சாரம் காத்துல பறந்து கோயில் மதில்ல கிடக்கு. நீலக் கட்டம். பின்பக்கம் கிழிஞ்சிரிக்கு" என்றார். ஒரு வாரம் நான் குறுக்கு வழியால் பத்திரிகை வேலைக்குப் போனேன்.

ஆனால் அவருடைய உண்மையான காதல் வானிலைதான். வானொலியில் 'தாழமுக்கம்' என்ற சொல் வந்தால், வெளிநாட்டிலிருந்து மருமகன் வருவதுபோல் வீட்டைக் கூட்டிக் கழுவிவிட்டு மைக்கைப் பிடிப்பார். அவருடைய கெட்ட காலம், அவர் வாய் திறந்தால் மழைகூட வழிமாறிவிடும். "அண்ணன் மழை எண்டா நம்பி நெல்லுக் காயப் போடலாம்" என்று தேத்தண்ணிக் கடைக்காரர் சிரிப்பார். அந்தச் சிரிப்பு அண்ணனுக்கு ஆறாத புண்.

"ஒருக்காலாவது நான் சொன்னது வரணும் தம்பி" என்பார் என்னிடம். பிறகு பதறிப்போய், "ஆருக்கும் சேதம் வரப்படாது. ஆனா வரணும்!" என்று சேர்த்துக்கொள்வார். ஓட்டையும் தூக்காமல் கூரையையும் பிரிக்காமல் வந்துபோகும் ஒரு மரியாதையான புயலுக்காக அந்த மனிதர் வருடக்கணக்காய்க் காத்திருந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்னர் அந்த நாள் வந்தது. தைப்பொங்கலும் முடிந்து, இனி மழையில்லை என்று எல்லோரும் குடையைச் சுருட்டிவைத்த பிறகு, சூறாவளி ஒன்று நேரே மட்டக்களப்பை நோக்கி வருவதாக வானொலி சொன்னது. அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார்.

"அன்பான ஒழுங்கை மக்களே! பின்னேரம் புயல். கறண்ட் போகும். பிரிஜ்ஜில இரிக்கிற மீனெல்லாத்தையும் இப்பவே சமைங்க. சட்டியோட பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்திருங்க!"

புயல் என்றால் மட்டக்களப்பில் யாரும் விளையாடுவதில்லை. ஒழுங்கை முழுவதும் தாளிக்கும் மணம். அண்ணனோ, காற்றுக் கொண்டுபோய்விடும் என்று தென்னையில் ஏறிக் குழாயைக் கழற்றி, சாரத்தில் சுற்றிப் பிள்ளையைப்போல ஏந்திக்கொண்டு முதல் ஆளாய் மண்டபத்துக்கு வந்துவிட்டார்.

மத்தியானம் வானொலி சொன்னது: புயல் வலுவிழந்து வடக்கே திரும்பிவிட்டது. வீடுகளில் சமைத்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சொல்லலாம் என்றால் குழாய் அண்ணனின் மடியில் கிடக்கிறது. ஒவ்வொரு குடும்பமாய்ச் சட்டியோடு வந்துகொண்டே இருந்தது. வெளியே வெயில் எறித்தது.

"காத்துச் சத்தம் கேக்குதுதானே தம்பி?" என்றார் அண்ணன் ஆசையாக.

"இல்லண்ணே, ஓட்டோ போகுது."

தேத்தண்ணிக் கடைக்காரர் மூடிகளைத் திறந்தார். கொடுவா மீன் குழம்பு, ஓரா மீன் பொரியல், இறால் கறி! கல்யாண வீட்டில்கூட அப்படி ஒரு பந்தியை நான் கண்டதில்லை. எல்லோரும் புயலை மறந்து கையை நனைத்தார்கள். அண்ணன் மட்டும் மூலையில் குழாயோடு இருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. கிளியக்கா சோற்றைப் போட்டுக்கொண்டுபோய் நீட்டினார்.

"இனி ஆருகா என்ட சொல்லக் கேப்பாங்க?"

"கேக்காமலா அண்ணே இத்தின சனமும் இஞ்ச வந்திரிக்கி? தின்னுங்க."

அண்ணன் மண்டபத்தை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். பிறகு சாப்பிடத் தொடங்கினார். இறாலை இரண்டாந்தரமும் கேட்டு வாங்கினார்.

இப்போது அவர் கனடாவில் மகளோடு இருக்கிறார். குழாயும் மைக்கும் என் பொறுப்பில். போன மாசியில் ஒரு காலை வேளை கைபேசி அலறியது. ஸ்பீக்கரை நான் போடவில்லை. அது அவருடைய சாதாரணக் குரல்.

"தம்பி, பனிப்புயல் வருகுது, முழங்கால் மட்டத்துக்குக் கொட்டும் எண்டாங்க. பக்கத்து வீட்டுக் கதவெல்லாம் தட்டிச் சொன்னனான். கடைசில செருப்புக்கூட நனையல்ல! மகள் ஏசுறாள். இஞ்ச ஆரும் மீனும் சமைக்கல்ல தம்பி."

அந்தக் கடைசி வரியைக் கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. குழாயை மதிலில் தூக்கிவைத்து, கைபேசியை மைக்கோடு சேர்த்துப் பிடித்தேன். "சொல்லுங்க அண்ணே" என்றேன்.

"அன்பான ஒழுங்கை மக்களே! கனடாவில பனிப்புயல் வரல்ல!"

கொளுத்தும் வெயிலில் சைக்கிள்கள் நின்றன. தேத்தண்ணிக் கடைக்காரர் கரண்டியோடு வெளியே ஓடிவந்தார். கிளியக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பிரிஜ்ஜில கொடுவா கிடக்கு. சட்டிய வைக்கப் போறன்" என்றார்.

"ஆரும் கேட்டாங்களா தம்பி?"

"கேட்டாங்க அண்ணே. மீன் சமைக்கிறாங்க."

மறுபக்கத்தில் சத்தமே இல்லை. அந்த மனிதர் பேசாமல் இருந்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

"கெதியா வந்திருங்க அண்ணே" என்றேன். "நீங்க இல்லாம எங்களுக்குக் காது அடைச்ச மாதிரி இரிக்கு."