வடிவாம்பாளின் இருநூறு பொந்துகள்

ஒரு காட்டில், சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் ஒரே மருதமரத்தின் உச்சியில், வடிவாம்பாள் என்ற மலையணில் நான்கு குட்டிகளோடு குடியிருந்தாள். மழைக்காலத்துக்கென்று இருநூறு பொந்துகளில் விதை ஒளித்து வைத்திருந்தாள். அணில் குலத்துக்கு ஒளிக்கத் தெரியும். ஒளித்த இடம்தான் ஞாபகம் இருக்காது. பாதிக் காடு அந்த மறதியில் முளைத்ததுதான். தன் குட்டிகள் பட்டினி கிடந்து காடு வளர வேண்டாம் என்று, வடிவாம்பாள் பொந்துக்குப் பொந்து லேப்டாப்பைச் சுமந்துபோய் எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்து வைத்திருந்தாள். கெட்டிக்காரி.

ஆனாலும் விதை குறைந்துகொண்டே வந்தது. இன்றைக்கு நாவல்மரத்துப் பொந்து காலி, நாளைக்குப் புங்கமரத்துப் பொந்து காலி. வயிறு எரிந்தது அவளுக்கு. ரிப்பேர் கடை வைத்திருக்கும் முள்ளம்பன்றி முத்துக்கருப்பனிடம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அவன் செட்டிங்ஸைத் திறந்தான். முள்ளெல்லாம் நட்டுக்கொண்டது.

"என்னம்மா இது, 'தினசரி ராசிபலன்'னு ஒரு ஆப்? உங்க லொகேஷன், ஃபைல், மைக், கேமரா எல்லாத்தையும் மேயுதே!"

"அனுமதி கேட்டுச்சு. நானும் 'சரி'ன்னு அமுக்கிட்டேன்."

"ராசிபலனுக்குக் கேமரா எதுக்கும்மா?"

"முகராசி பார்க்க வேணாமா?"

அந்த ஆப்பை நடத்துவது ஓடைக்கு அக்கரைக் குரங்கு மாயாண்டி என்று தெரியவந்தது. மழையே இல்லாத இந்தக் கோடையில் அவனுக்கு மட்டும் தொந்தி போட்டதன் காரணமும் விளங்கியது.

முத்துக்கருப்பன் வேலையில் கெட்டி. ராசிபலனைப் பிடுங்கி எறிந்தான். லொகேஷனை அணைத்தான், மைக்கை மூடினான், கேமரா மேல் பிசின் தடவி இலை ஒட்டினான். பழைய பாஸ்வேர்டு 'அணில்123' என்று கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு இருபத்துநான்கு எழுத்தில் புதிதாக ஒன்று போட வைத்தான்.

"யாருக்கும் சொல்லாதீங்க. எனக்கே சொல்லாதீங்க. பத்திரமா வெச்சுக்குங்க."

பத்திரமாக வைப்பதை அணிலுக்குச் சொல்லித்தர வேண்டுமா? தேக்கிலையில் பாஸ்வேர்டை எழுதினாள். நான்காக மடித்தாள். யாருக்கும் தெரியாத ஒரு பொந்தில் ஒளித்தாள். எந்தப் பொந்து என்பதை மறக்காமல் லேப்டாப்பில் குறித்துக்கொண்டாள். நிம்மதியாகத் தூங்கினாள்.

ஐந்தாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. அன்றைக்குப் பார்த்து லேப்டாப் தானாக அணைந்து, தானாக எழுந்து, பாஸ்வேர்டு கேட்டது. 'மறந்துவிட்டதா?' என்பதை அமுக்கினாள். 'நீங்கள் முதன்முதலில் விதை ஒளித்த இடம் எது?' என்றது. அணிலிடம் கேட்கிற கேள்வியா அது?

முத்துக்கருப்பனிடம் ஓடினாள்.

"யாராலயும் திறக்க முடியாதும்மா. நான் பூட்டினா எனக்கே திறக்காது" என்றான் பெருமையாக.

இரண்டு நாள் கண்ட கண்ட மரத்தையெல்லாம் துழாவினாள். ஒரு பொந்தில் பல்லி இருந்தது, இன்னொன்றில் ஆந்தை இருந்து திட்டியது. குட்டிகளுக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை. அதைப் பார்க்கச் சகிக்காமல், மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஓடையைத் தாண்டி மாயாண்டி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"வாங்கம்மா! ஒரு வாரமா உங்ககிட்டேர்ந்து ஒண்ணுமே வரலியா, உடம்புக்கு என்னமோன்னு பயந்தே போயிட்டேன்" என்றான் அவன். நிஜமாகவே முகம் வாடியிருந்தது.

"என் வரைபடம்... உங்ககிட்ட இருக்கா?"

"இல்லாம? இருநூறும் இருக்கு. நீங்க குறிக்க மறந்த ஏழு பொந்தையும் உங்க லொகேஷனைப் பார்த்து நானே சேர்த்து வெச்சிருக்கேன்."

வடிவாம்பாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுக்கு நான் என்ன தரணும்?"

"என்னம்மா நீங்க! அதைத்தான் அப்பப்போ எடுத்துக்கிட்டேனே."

அன்று சாயங்காலம் நான்கு குட்டிகளும் வயிறு புடைக்கத் தின்றன. மறுநாள் முத்துக்கருப்பன் லேப்டாப்பை முழுக்க அழித்துப் புதிதாக்கிக் கொடுத்தான்.

"அந்த ராசிபலனையும் போட்டுக் குடுங்க" என்றாள் வடிவாம்பாள்.

"ஐயய்யோ, அவன் திருடனாச்சேம்மா!"

"திருடன்தான். ஆனா ஞாபகசக்தி உள்ள திருடன்" என்று சொல்லிவிட்டு, கேட்ட அனுமதிக்கெல்லாம் 'சரி' 'சரி' என்று அவளே அமுக்கினாள்.

நீதி: ரகசியத்தை எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும், திருடனை மட்டும் பகைத்துக்கொள்ளாதே, பேக்கப் அவனிடம்தான் இருக்கிறது.