எட்டாவதோடு நின்ற பாடம்

ஒரு காட்டில் கோள்கள் ஒன்பதாக இருந்தன. வானியல் அறிஞர்கள் கூடிப் பேசிப் புளூட்டோவை நீக்கிய செய்தி, பல மழைக்காலம் கழித்து ஒரு சுற்றறிக்கையாக அங்கிருந்த கல்வி அலுவலகத்துக்கும் வந்து சேர்ந்தது. வகுப்பில் மாட்டியிருக்கும் கோள் படத்தில் ஒன்பதாவது உருண்டையின் மேல் காகிதம் ஒட்டவும் என்றிருந்தது. ஏன் என்று கேட்கும் பழக்கம் அந்தக் கல்வி அலுவலகத்தில் யாருக்கும் இல்லை.

காட்டுப் பள்ளியில் இரண்டு தற்காலிக ஆசிரியர்கள். அ பிரிவுக்கு நாரை, ஆ பிரிவுக்கு எருமை. நிரந்தர இடம் ஒன்றுதான். அதிகாரி வகுப்பைப் பார்த்து யாருக்குக் கையெழுத்துப் போடுகிறாரோ அவருக்கு வேலை, மற்றவர் வீட்டுக்கு. அந்தக் கையெழுத்துக்காக நாரை பதினோரு வருடமாக ஒற்றைக் காலில் நின்றது.

எருமை காகிதத்தை ஒட்டிவிட்டு, பிள்ளைகளை "எட்டு" என்று கத்தவிட்டது. தொடர்ந்து மூன்று நாள் அதே பாடம்தான்.

நாரைக்குப் பிழைக்கத் தெரியவில்லை. கோள் என்றால் சூரியனைச் சுற்ற வேண்டும், உருண்டையாக இருக்க வேண்டும், தன் பாதையில் தானே பெரிய ஆளாக இருந்து மற்றதை ஒதுக்கியிருக்க வேண்டும். மூன்றாவதில் புளூட்டோ தவறிவிட்டது என்று விளக்கியது. வானத்தில் ஒன்றும் மாறவில்லை, நாம் பிரித்து வைக்கும் விதம்தான் மாறியது என்றும் சொன்னது. வகுப்பு வாயைப் பிளந்தது.

அந்த நேரம் பார்த்து, சிவபூஜையில் புகுந்த மாதிரி, கரடி அதிகாரி நுழைந்தார். காலையில் கோயிலில் ஒன்பது கிரகத்தையும் ஒன்பது சுற்று சுற்றிவிட்டு வந்தவர் அவர்.

"கோள்கள் எத்தனை?"

முயல்குட்டி எழுந்தது. "எட்டுங்க ஐயா. ஆனா வியாழன் பாதையிலயும் நிறையப் பாறை கூடவே சுத்துதாமே, அது மட்டும் எப்படிங்க கோள்?"

கரடிக்கு விடை தெரியாது. தனக்குத் தெரியாததை ஒழுங்கீனம் என்று குறித்துக்கொள்வது அவர் வழக்கம். அந்தப் பாறைகளை ஆட்டிவைப்பதே வியாழன்தான் என்று நாரை சொல்ல வந்ததைக் காதில் வாங்காமல் பக்கத்து வகுப்புக்குப் போனார். "எட்டு" என்று கூரை அதிர்ந்தது. எருமையின் முதுகிலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

நாரை பின்னாலேயே வந்தது. "என் பிள்ளைங்களுக்குக் காரணம் தெரியும் ஐயா. நாளைக்கே விதி மாறினாலும் யோசிச்சுப்பாங்க."

"அதாம்மா பிரச்சினை. மாறினா நாங்க சொல்லுவோம். அதுக்குள்ள அவங்க எதுக்கு யோசிக்கணும்?"

நாரை மூட்டையைக் கட்டியது. அ பிரிவையும் எருமையிடமே சேர்த்தார்கள். முயல்குட்டி இரண்டே நாளில் திருந்திவிட்டது. இப்போது எதைக் கேட்டாலும் "எட்டு" என்கிறது. பள்ளியிலேயே முதல் மாணவன் அதுதான்.

நீதி: எட்டோ ஒன்பதோ, காரணத்தோடு சொல்பவர் தற்காலிகம், சத்தமாகச் சொல்பவர் நிரந்தரம்.