டிராக்டர் போகாத நாற்பது சென்ட்

சித்திரை மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவது தோசைக்கும் நான்காவது தோசைக்கும் நடுவில், சிவப்பிரகாஷ் தன் நாற்பது சென்ட் நிலத்தைக் காட்டு விலங்குகளுக்குத் தானம் செய்தார்.

"முடிவு பண்ணிட்டேன் பத்மா. மாந்தோப்புக்குப் பின்னால கெடக்குதே அந்தப் புதர்க்காடு, அது இனி மானுக்கு, மயிலுக்கு, முசலுக்கு. அதுக திங்கறதுக்குக் கொள்ளு, சோளம், தட்டப்பயிறு போடப் போறோம். தீனித் தோட்டம்!"

பத்மப்ரியா தோசையைத் திருப்பிப் போட்டாள். "நல்ல காரியமுங்க" என்றாள்.

அவ்வளவுதான். நான்கு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாதங்கள் எல்லாம் அவர் வாயிலேயே நமத்துப் போயின.

இந்தத் தானத்துக்கு ஒரு முன்கதை உண்டு. பத்மப்ரியாவும், அயல்கூட்டம் என்ற அவளுடைய மகளிர் குழுப் பெண்கள் பத்துப் பேரும் இரண்டு வருடமாக அந்த நிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஓணத்துக்குச் செண்டுமல்லி போட வேண்டும். நிலமோ முதலமடையில் மலையடிவாரத்தில், ஏர் என்ற ஒன்றைக் கண்ணால் பார்க்காமல், உண்ணிச்செடி மண்டிக் கிடந்தது. கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? ஒன்றும் குறையாது. ஆனால் பெண்டாட்டி கேட்டவுடன் கொடுத்தால் அது பழக்கமாகிவிடும் என்பது சிவப்பிரகாஷின் கொள்கை. இந்தக் கொள்கையை முதன்முதலில் எழுதி வைத்தவர் யாரென்று தெரிந்தால் நல்லது. அவரிடம் கேட்க நான்கு கேள்விகள் இருக்கின்றன.

போன வருடம் நேராகவே "முடியாது" என்றார். மூன்று வாரம் உப்புமா. ஆகவே இந்த வருடம் அவருக்கு ஒரு புண்ணியச் சட்டை போட்ட "முடியாது" தேவைப்பட்டது. மானுக்கும் மயிலுக்கும் கொடுத்ததை எந்தப் பெண்பிள்ளை திருப்பிக் கேட்பாள்?

திட்டத்தின் உண்மையான அழகு வேறிடத்தில் இருந்தது. அந்த நிலத்துக்கு டிராக்டர் போகாது. ஒரே வழி மாந்தோப்பு வழி. சிவப்பிரகாஷின் அந்தத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் பக்கத்து வீட்டு மம்மது ராவுத்தர். கிளைகள் காய்ப் பாரத்தில் தரையைத் தொட்டுக்கொண்டு நின்றன. ஒரு காம்பு ஒடிந்தால் ராவுத்தர் ஒரு வாரம் பேசுவார். ஆக, அறிவித்தாகிவிட்டது, ஒரு பலகை நட்டால் போதும், டிராக்டர் வரட்டும் வரட்டும் என்றே பத்து வருடம் ஓட்டிவிடலாம்.

"ஒரே ஒரு சங்கடம்தான்" என்றார், முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு. "டிராக்டர் போகாதே. என்ன பண்றது?"

"டிராக்டர் எதுக்குங்க? ரெண்டு கை இருக்குதே."

"யாரு கை?"

"தானம் குடுத்த கைதானுங்க."

நான்காவது தோசை தொண்டையில் நின்றது.

மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ராவுத்தர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"தம்பி, நெசமாவா? டிராக்டர் இல்லாம, கையாலயே திருத்தப் போறீங்களாமே?"

"அது வந்து பாய்..."

"அல்லா உங்களுக்குக் கொறைவில்லாமக் குடுப்பான். காட்டுப் பன்னி வயிறு நெறஞ்சா என் மாங்காப் பக்கம் வராது. எப்ப ஆரம்பம்?"

"சாயங்காலமுங்க" என்று திண்ணமாகச் சொன்னாள் பத்மப்ரியா. அதற்குள் சிவப்பிரகாஷ் வேலை பார்க்கும் கூட்டுறவுச் சங்கத்தின் வாட்சப் குழுவுக்கும் செய்தி போயிருந்தது. செயலாளர் நான்கு கும்பிடு போட்டிருந்தார். இனி பின்வாங்கினால் அலுவலகத்தில் தலைகாட்ட முடியாது.

சாயங்காலம் அரிவாளோடு போனார். உண்ணிச்செடியைப் பற்றி அவருக்கு அன்றுவரை எந்தக் கருத்தும் கிடையாது. அரை மணி நேரத்தில் பலமான கருத்துகள் உண்டாயின. வெட்டினால் கீறியது. இழுத்தால் கீறியது. சும்மா நின்றாலும் கீறியது.

"மேலாக வெட்டினாப் பத்தாதுங்க" என்றாள் பத்மப்ரியா, மோர்ச் செம்போடு வரப்பில் நின்றுகொண்டு. "மறுக்காத் தழைஞ்சிரும். கடப்பாரை போட்டு வேரோட நெம்புங்க."

"நீ வந்து நெம்பேன்."

"எனக்கென்னுங்க, நெம்புவேன். அப்பறம் ஊருக்குள்ள, பொண்டாட்டி கையில வேலைய வாங்கிப்போட்டுப் பேரை அவர் எடுத்துக்கிட்டாருன்னு பேசுவாங்க. உங்களுக்கு அது தேவையா?"

தேவையில்லைதான். நெம்பினார்.

இரண்டாவது ஞாயிறு கையில் கொப்புளம். மூன்றாவது ஞாயிறு கொப்புளம் காய்த்துப்போனது. நான்காவது ஞாயிறு ஒரு விபரீதம் நடந்தது: அவருக்கு அந்த நிலத்தின்மேல் பாசம் வந்துவிட்டது. காலையில் அலுவலகம் போகுமுன் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கடப்பாரையோடு நின்று படம் எடுத்துக் குழுவில் போட்டார். 'தீனித் தோட்டம் – சிவப்பிரகாஷ்' என்று பலகை எழுதி நட்டார்.

அடுத்தது பட்டி. பெரியம்மாள் என்ற பக்கத்துத் தெருக்காரி அறுபது ஆடு வைத்திருந்தாள். தோப்பு வழியாக டிராக்டர் போகாது, ஆடு போகும். நிலத்தைச் சுற்றிப் படல் கட்டி ஐந்து நாள் ஆடுகளை அங்கேயே அடைத்துப் போட்டார்கள். மிச்சமிருந்த புல் பூண்டை அவை தின்று தீர்த்தன. புழுக்கை போட்டன. குளம்பால் மண்ணை மிதித்துப் பொடித்தன.

"ஏனக்கா, இந்த ஆடுக உண்ணிச்செடியையும் தின்னிருக்குமே? முன்னாடியே விட்டிருக்கலாமே?" என்று சிவப்பிரகாஷ் ஏக்கமாகக் கேட்டார்.

"அத ஆடு தொடாதுங்க தம்பி. அதுக்கு அறிவு இருக்குது" என்றாள் பெரியம்மாள்.

பிறகு மண்வெட்டியால் கொத்தினார். கொத்தியதைச் சமப்படுத்த வேண்டுமே? ஒரு பெரிய முள்கொம்பை வெட்டி, மேலே கல் வைத்துக் கட்டி, கயிற்றைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டு நாற்பது சென்ட்டிலும் இழுத்தார். மேற்கே போய்க் கிழக்கே திரும்பும்போது ராவுத்தர் கைதட்டினார். அந்த வேலையை வழக்கமாக எந்த ஜீவன் செய்யும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பண்பான ஊர்.

இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை பிடிக்கிற சமயம் பார்த்து, சங்கத்திலிருந்து அவரை மூன்று நாள் பயிற்சிக்குத் திருச்சூருக்கு அனுப்பினார்கள்.

"ஈரம் காயறதுக்குள்ள விதைக்கணுமே!" என்று தவித்தார்.

"நீங்க வெசனப்படாமப் போய்ட்டு வாங்க. நானும் புள்ளைகளும் பாத்துக்கறோம். இத்தனை நாளு ஒத்தையில கஷ்டப்பட்டீங்க."

அவர் கண் கலங்கிவிட்டது. என்ன பெண்டாட்டி!

திரும்பி வந்தபோது வரிசை வரிசையாகச் செடி. ஓடிப்போய்ப் படம் எடுத்து, 'கொள்ளு முளைத்துவிட்டது' என்று குழுவில் போட்டார். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து தோப்பு வைத்திருந்தாலும் சிவப்பிரகாஷுக்குக் கொள்ளு ரசத்தில்தான் பழக்கம். ராவுத்தர் வேலியோரம் எட்டிப் பார்த்து, "என்ன செடி தம்பி?" என்றார்.

"கொள்ளு பாய்."

"ஓ! நல்ல உசந்த சாதிக் கொள்ளு" என்று ராவுத்தர் துண்டால் வாயை மூடிக்கொண்டு போனார்.

கொள்ளு இடுப்புயரம் வளர்ந்தது. கொள்ளு மொட்டு விட்டது. ஆடி மாதம் ஒரு காலையில் கொள்ளு, மஞ்சளும் ஆரஞ்சுமாக, வேலியிலிருந்து வேலி வரை பூத்து நின்றது.

"பத்மா!"

"என்னுங்க?"

"இது செண்டுமல்லி!"

"ஆமாங்க. நல்லா வந்திருக்குதுல்ல?"

"என் கொள்ளு எங்கே?"

"மலைப் பக்கத்து ஓரத்துல நாலு சென்ட்டு போட்டிருக்கறமே. கொள்ளு, சோளம், பயிறு எல்லாம் இருக்குது. பன்னி பொழுதோட வருது, தின்னுது, அப்படியே திரும்பிப் போயிருது. வாசல்லயே பந்தி போட்டுட்டா உள்ளாற எதுக்குங்க வருது? செண்டுமல்லி வாடையும் அதுக்கு ஆகாது."

"நாப்பது சென்ட்டும் காட்டு உசுருக்குன்னு சொன்னேன்!"

"இதுகளுக்கு உசுரு இல்லீங்களா?" பத்மப்ரியா கையை நீட்டினாள். ஒவ்வொரு பூவிலும் ஒரு பட்டாம்பூச்சி. தேனீ இரைச்சலில் காது அடைத்தது. "நாம வளத்ததுகளா இது? மலையில இருந்து வந்ததுக. மானு மட்டுந்தான் காட்டு உசுரு, தேனீ சேத்தியில்லைன்னு எங்க எழுதியிருக்குதுன்னு சொல்லுங்க, இப்பவே புடுங்கிப் போடறேன்."

சிவப்பிரகாஷ் வாயைத் திறந்தார். ஒரு தேனீ வந்தது. மூடிக்கொண்டார்.

அதற்குள் அயல்கூட்டத்துப் பெண்கள் பத்துப் பேரும் கூடையோடு வரப்பில் வந்து நின்றிருந்தார்கள். அவர் கொஞ்சம் தள்ளி நின்று மறுபடி வாயைத் திறந்தார். "சரி. அப்பப் பூவையும் அதுகளுக்கே விட வேண்டியதுதானே? நீங்க பத்துப் பேரும் எதுக்குக் கூடையோட நிக்கறீங்க?"

"தேன் குடிச்சது போக மிச்சமுங்க. எச்சிலுதான். பரவால்ல, நாங்க எடுத்துக்கறோம்."

கூடைக்காரிகள் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள்.

ஆம்பிளைக்கு ஆம்பிளை நியாயம் சொல்லட்டும் என்று சிவப்பிரகாஷ் வேலியோரம் போனார். "பாய், நீங்களே சொல்லுங்க. இது அடுக்குமா?"

"நான் என்னத்தைத் தம்பி சொல்றது? ஓணத்துக்குப் பூவு கொண்டுபோக என் லாரியத்தான் கேட்டாங்க. போன மாசமே சரின்னுட்டேன்."

போன மாசம். அப்போது அவர் கொள்ளுக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார்.

வரப்பில் உட்கார்ந்தார். நிலம் போனது. சண்டை போடக்கூட ஒரு நல்ல காரணம் மிஞ்சவில்லை. அப்போது தோப்பு வழியே பெரியம்மாள் வந்தாள். பூவைச் சுற்றிப் பார்த்தாள். அதைவிட நிதானமாக அவரைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு பத்மப்ரியா பக்கம் திரும்பினாள்.

"அம்மிணி, பாறைக்கு அந்தப் பக்கம் எனக்கு அரை ஏக்கரா காடாக் கெடக்குது. அங்கயும் டிராக்டர் ஏறாது. உங்க ஊட்டுக்காரரை ஒரு மாசத்துக்கு அனுப்பி வெப்பீங்களா?"

"அதுக்கென்னக்கா, ஞாயித்துக்கிழமை ஓட்டிக்கிட்டுப் போங்க" என்றாள் பத்மப்ரியா. "டீசலெல்லாம் வேண்டாம், ரெண்டு செம்பு மோரு ஊத்துனாப் போதும்."