சிரிப்புக்கு ஸ்பீடு இல்லாத கேமரா

இந்த உலகத்திலேயே அதிகம் பேரைக் கோபப்படுத்திய மனிதர் யார் என்று யாராவது போட்டி வைத்தால், சேரம்பாடிப் பக்கம் எங்கள் எஸ்டேட் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த மொறைப்பு சாரை எதிர்த்து ஒருவரும் நிற்க முடியாது. சந்தேகம் இருந்தால் எங்கள் லயத்துக்கு வாருங்கள். வரிசை வீடுகளில் எந்த வீட்டுக்குள் வேண்டுமானாலும் நுழைந்து சுவரில் மாட்டியிருக்கும் பழைய போட்டோவைப் பாருங்கள். கல்யாணமோ, காதுகுத்தோ, சங்கத்து விழாவோ, அத்தனை பேரும் உங்களை அடிக்க வருவது போல முறைத்துக்கொண்டு நிற்பார்கள். சிரித்த முகம் ஒன்று தேறாது. எல்லாம் அந்தப் புண்ணியவான் எடுத்தது. அவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஆபீஸ் ரிஜிஸ்டரில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் மொறைப்பு சார்தான். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். ஒண்டிக்கட்டை. குரங்குக் குல்லாயைக் குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று லயத்தில் பந்தயமே உண்டு. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் போகிற போக்கில் ஒரு மடக்குக் கேமராவை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள்மேல் அந்தத் துரைக்கு என்ன வயிற்றெரிச்சலோ தெரியவில்லை.

எங்கள் ஊர் மழையில் உப்பு தண்ணீராகும், செருப்பில் பூஞ்சணம் பூக்கும். கேமரா மட்டும் தப்புமா? ஷட்டர் இறுகிவிட்டது. தேயிலை ஃபேக்டரியின் அத்தனை இயந்திரங்களையும் பிரித்து மாட்டுகிற மனிதர், இதையும் பிரித்தார். மாட்டி முடித்தபோது ஒரு குட்டி ஸ்பிரிங் மிச்சம் இருந்தது. அது எங்கே இருந்தது என்று அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அன்றிலிருந்து அந்தக் கேமராவில் வேகமான ஸ்பீடு எதுவும் வேலை செய்யாது. ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு, அது ஒன்றுதான் ஓடும். அதற்குள் எதிரே நிற்பவர் லேசாகத் தலையை ஆட்டினாலே போதும், முகம் இருக்கிற இடத்தில் புகைதான் இருக்கும். வேறொருவராக இருந்தால் கேமராவைத் தூக்கிப் போட்டிருப்பார். இவர் கேமராவை விட்டுவிட்டு மனிதர்களைச் சரிசெய்யக் கிளம்பினார்.

“ஏனுங்க, சிரிக்கிறவனுக்கு ஒடம்பு பூராம் ஆடுமுங்க. அழுவறவனுக்குத் தோளு குலுங்கும். கோவம் வந்தவன் மட்டுந்தான் ஆணி அடிச்சாப்ல நிப்பான். அப்ப அமுக்கோணும்” என்பார்.

ஆக, போட்டோ எடுத்துக்கொள்ள வருகிறவர்களுக்கு எல்லாம் கோபமூட்டுவதை ஒரு தொழிலாகவே கற்றுக்கொண்டார். குழாயை அறுத்துச் செய்த மூன்றுகால் ஸ்டாண்டில் கேமராவை நிறுத்துவார், தூரம் பார்ப்பார், வெளிச்சம் பார்ப்பார். பிறகு மிக மரியாதையாக, ‘ங்க’ போட்டு, ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். கேட்டவருக்கு ரத்தம் தலைக்கு ஏறும். க்ளிக். இதற்கென்று ஒரு நோட்டு வேறு வைத்திருந்தார். அதில் லென்ஸ் துவாரத்தின் அளவு, வெளிச்சம், எதைச் சொன்னால் கோபம் வரும் என்று வரிசையாக எழுதியிருக்கும். ‘ஹெட் கிளார்க்: எட்டு, மூட்டம், மாமியார்.’ ‘பால்காரர்: பதினொன்று, வெயில், தண்ணீர்.’ இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மேல் லயத்தில் ஒரு கல்யாணம். இரண்டு வீட்டாரும் சேர்ந்து நின்ற குரூப் போட்டோ. பெண்ணின் அப்பாவிடம் போய், குழம்பில் உப்பில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் பேசிக்கொள்வதாகச் சொன்னார். மாப்பிள்ளையின் அப்பாவிடம் போய், உங்கள் பக்கத்து ஆட்கள் இலையில் விழுந்து விழுந்து சாப்பிட்டதாகப் பெண் வீட்டார் சிரிப்பதாகச் சொன்னார். படம் அற்புதமாக வந்தது. மீசை முடியை எண்ணலாம். படம் எடுத்ததும் “சும்மா சொன்னனுங்க” என்று ஸ்டாண்டை மடக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் சும்மா சொன்னதை யாரும் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. அந்த இரண்டு குடும்பமும் தலைப்பிள்ளை பிறக்கும்வரை பேசிக்கொள்ளவில்லை.

அதாவது போகட்டும். ஒரு முறை நீண்ட வேலைநிறுத்தம் முடிந்து, மேனேஜரும் சங்கத் தலைவரும் கைகுலுக்குகிற படத்தை நோட்டீஸ் போர்டில் போட வேண்டும் என்று இவரைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்களைச் சொல்ல வேண்டும். இருவர் காதிலும் என்ன ஓதினாரோ, கையைப் பிடித்தபடியே ஒருவரை ஒருவர் கடித்துத் தின்பது போலப் பார்த்தார்கள். காலையில் போர்டில் அந்தப் படத்தைப் பார்த்த ஆட்கள், ‘பேச்சு முறிஞ்சு போச்சு’ என்று கூடையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சமாதானம் பேச இன்னும் ஒரு வாரம் ஆனது.

யானையையும் விடவில்லை. பலா வாசனைக்கு வந்து நின்ற ஒற்றைக் கொம்பனை எடுக்கப் போனார். தான் எதுவும் சொல்லாமலே கோபப்பட்ட ஒரே பார்ட்டி அதுதான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார். ஆனால் கோபம் வந்த யானை ஆணி அடித்தாற்போல நிற்பதில்லை என்பதை ஃபேக்டரி கேட்வரை ஓடித்தான் தெரிந்துகொண்டார். படத்தில் கறுப்பாக ஒரு மேகம் இருக்கிறது.

இப்படிப்பட்டவரிடம் போய் நிற்கவேண்டிய நிலைமை எனக்கு வந்தது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் அப்போது ஆயாவாக இருந்தேன். வயது பத்தொன்பது. எட்டு வயதில் அப்பா அம்மாவோடு சிலோனிலிருந்து வந்தவள். வந்த மூன்றாம் வருஷமே அப்பா செத்துப்போனார். அம்மா கொழுந்துக்காரி. அம்மாவின் ஒரே தங்கை, என் சின்னம்மா, அங்கேயே தங்கிவிட்டாள். தங்கினாள் என்ன, யாரோ ஆபீசில் உட்கார்ந்து காகிதத்தில் அம்மாவுக்கு இந்தியா, அவளுக்கு சிலோன் என்று எழுதிப் பிரித்தான். அவன் யார் என்று தெரிந்தால் இன்றைக்கும் கேட்க எனக்கு நாலு கேள்வி இருக்கிறது.

பதினோரு வருஷமாக நான்தான் அம்மா சொல்லச் சொல்லக் கடிதம் எழுதுவேன். அனைவரும் நலம், நலமறிய அவா. சின்னம்மா நம்பவில்லை. இந்தியா போனவர்கள் காட்டில் கிழங்கு தோண்டித் தின்கிறார்கள், பாதிப் பேர் செத்துவிட்டார்கள் என்று அங்கே ஒரு பேச்சு. அம்மாவுக்குப் போட்டோ என்றாலே வெட்கம். கப்பலேறுவதற்காக எடுத்த படத்தோடு சரி. அந்த ஆனி மாதம் சின்னம்மாவிடமிருந்து வந்த கடிதத்தில் இப்படி இருந்தது: ‘அக்கா இருக்கா இருக்கான்னு எழுதி என்னய ஏமாத்தாதே மகளே. அடுத்த காயிதத்துல அவ போட்டோ வரணும். வரலன்னா அவ செத்துட்டான்னு நெனச்சி ஆடி அமாவாசைக்குக் கருமாதி வச்சிருவேன்.’

உயிரோடு கொழுந்து பறிக்கிறவளுக்குக் கருமாதி! அம்மா அதற்கும் சிரித்தாள். என் அம்மா அப்படித்தான். யார் என்ன சொன்னாலும் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிப்பாள். கோபம் என்றால் என்ன என்றே தெரியாதவள் என்று எனக்கு அதில் பெருமைகூட. அந்தச் சிரித்த முகத்தை எடுத்து அனுப்பிவிட்டால் சின்னம்மாவின் வாயை அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஆனால் மழையில் ரோடு சரிந்து கூடலூர் பஸ் நின்றுவிட்டது. ஸ்டுடியோவுக்குப் போக வழியில்லை. எஸ்டேட்டில் இருப்பதோ ஒரே கேமரா.

போய்ச் சொன்னேன். அம்மா சிரித்த மாதிரி வேண்டும், வேறு எதுவும் செய்யக் கூடாது என்று கறாராகச் சொன்னேன்.

“சிரிப்புக்கு என்ற கேமராவுல ஸ்பீடு இல்லீங்க அம்மிணி” என்றார் அவர், மருந்துக்கடைக்காரர் மாத்திரை இல்லை என்று சொல்வதைப் போல.

அழாத குறையாகக் கேட்டபிறகு, முயற்சி செய்வதாகச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை வந்தார். சிரிக்கச் சொன்னார். அம்மா வெட்கத்தில் குலுங்கினாள். கழுவிப் பார்க்காமலே தெரிந்தது, முதல் நாலு படமும் புகை. சரி, இது வேலைக்காகாது என்று அவர் தன் வித்தையில் இறங்கினார். நீங்கள் பறிப்பது பூரா கிழட்டு இலையாமே என்றார். அம்மா ஆமாங்கய்யா என்று சிரித்தாள். உங்கள் வீட்டுச் சோற்றை நாய்கூடத் தொடாதாமே என்றார். அதற்கும் ஆமாங்கய்யா. அடுத்த ஞாயிறு வந்து பார்த்தார், அதுவும் பலிக்கவில்லை. மனிதர் அரண்டுவிட்டார். ஹெட் கிளார்க்கையும் மேனேஜரையும் ஒரு வாக்கியத்தில் கவிழ்த்தவர், என் அம்மாவுக்கு நோட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதி எழுதி அடித்திருந்தார். உங்கள் அம்மாவுக்கு எதைச் சொன்னால்தான் கோபம் வரும் என்று என்னிடம் கெஞ்சினார். எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு.

மூன்றாவது ஞாயிறு. ஆடி அமாவாசை நெருங்கிவிட்டது. ரோடு திறக்காததால் புது ஃபிலிமும் வராது. அவர் கையில் இருந்த கடைசி ரோலில் மூன்றே படம் பாக்கி. காலையிலிருந்து தூறல். கேமராவுக்குக் குடையைப் பிடித்துவிட்டு அவர் நனைந்துகொண்டு நின்றார், தும்மிக்கொண்டே. அம்மா சிரித்தாள், குலுங்கினாள், போச்சு. இரண்டாவது முறை அவரே தும்மினார், அதுவும் போச்சு. மிச்சம் ஒன்றுதான். அவர் மறுபடியும் அம்மாவிடம் போய், உங்கள் கூடைக்குள் பாம்பு குடியிருக்கிறதாமே என்று ஆரம்பித்தார்.

என் பொறுமை அறுந்துவிட்டது. அங்கே கடல் தாண்டி ஒருத்தி எள்ளும் தண்ணீரும் இறைக்கத் தயாராக இருக்கிறாள், இவர் இங்கே பாம்புக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்பா வயது மனிதர் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன்.

“நீயெல்லாம் ஒரு போட்டோக்காரனா? நீ பொணத்த எடுக்கத்தான் லாயக்கு. அதுதான் அசையாது.”

சொன்ன அடுத்த நொடி அம்மாவின் சிரிப்பு நின்றது. அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. விரலை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

“வாய மூடு. மூணு ஞாயித்துக்கெழமையா நமக்காக மழையில நிக்கிற மனுசன். யாருகிட்ட என்னா பேசுற நீ?”

க்ளிக்.

நான் திட்டு வாங்குகிறேன், இவர் படம் எடுக்கிறார்! நான் சொன்ன வார்த்தை அவர் காதில் விழுந்ததா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. “முடிஞ்சுதுங்க” என்று குடையை மடக்கிக்கொண்டு தும்மியபடி போய்விட்டார்.

கழுவிக் கொண்டுவந்த படத்தைப் பார்த்து நான் தலையில் அடித்துக்கொண்டேன். அம்மாவின் கண், மூக்குத்தி, நீட்டிய விரல், விரலில் தேயிலைக் கறை, எல்லாம் பளிச்சென்று இருந்தது. ஆனால் காளி மாதிரி நிற்கிறாள். இதை எப்படி அனுப்புவது? வேறு வழியுமில்லை. கூடவே இரண்டு பக்கம் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். ‘அம்மா எப்போதும் சிரித்த முகமாகத்தான் இருப்பாள் சின்னம்மா, இது ஒரு கிறுக்கர் செய்த வேலை, தவறாக நினைக்காதே’ என்று எழுதி, ரோடு திறந்ததும் முதலில் கிளம்பிய லாரிக்காரர் கையில் கொடுத்துவிட்டேன்.

பதில் வர ஐந்து வாரம் ஆனது. அதை அம்மாவுக்கு நான்தான் சத்தமாகப் படித்தேன்.

‘நீ எழுதுனதை நான் நம்பல மகளே. போட்டோவத்தான் நம்புறேன். ஒனக்குத் தெரியாது, அக்கா பயந்தாத்தான் சிரிக்கும். தொரை ஏசுனாலும் சிரிக்கும். கங்காணி கம்பெடுத்துக்கிட்டு வந்தாலும் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கும். ரயில் கோச்சியில ஏறி ஒக்காந்து என்னயப் பாத்துச் சிரிச்சிக்கிட்டேதான் போச்சு. பதினோரு வருசமா அந்தச் சிரிப்புத்தான் என்னயத் தூங்க விடல. அதப் போட்டோவுல அனுப்பியிருந்தீனா அன்னைக்கே கருமாதி வச்சிருப்பேன். இப்ப வெரல நீட்டி ஏசுதே. ஏசுறதுக்கு ஒரு எடமும் ஆளும் கெடைச்சிருச்சு அதுக்கு. இனி நான் தூங்குவேன்.’

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “அவளுக்கு என்னா தெரியும்” என்றாள். சிரிக்கவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பத்தொன்பது வருஷம் கூடவே இருந்து, ஒருத்தி நடுங்குவதைச் சிரிப்பென்று எண்ணிப் பெருமைப்பட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். என்னை என்ன செய்தால் தகும்?

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஃபேக்டரிக்குப் போனேன். டிரையர் பக்கத்தில் கையெல்லாம் கிரீஸோடு நின்ற மொறைப்பு சாரிடம் முழுவதும் படித்துக் காட்டினேன். படம் நன்றாக வந்தது பற்றி ஏதாவது பீற்றிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். படத்தைப் பற்றிய பேச்சு அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. ஊரையே கோபப்படுத்திய மனிதர் தான் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். ஸ்பேனரைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

“அந்தக் கங்காணி பேரென்னங்க?”

“அவன் எப்பவோ செத்திருப்பான் சார்.”

“செத்திருந்தா இருக்கட்டும். பேரச் சொல்லுங்க.”

எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு லயத்துப் பக்கம் வந்த இரண்டு மூன்று தடவையும், அம்மாவிடம் கேட்டீர்களா என்று விசாரித்தார். கேட்க மாட்டேன் என்று நான் மறுத்துவிட்டேன். அவரைப் பொணத்தோடு சேர்த்துப் பேசியதற்கு நான் மன்னிப்புக் கேட்கவுமில்லை, அவர் அதை எதிர்பார்க்கவுமில்லை. மறுபடி பார்க்கிறபோதெல்லாம் வம்புக்கு இழுத்தார், நானும் வாய்க்கு வாய் கொடுத்தேன்.

நாலு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டார் வசதியானவர்கள். கூடலூர் ஸ்டுடியோக்காரரையே பேசி வைத்துவிட்டார்கள், கலர் படம். மொறைப்பு சார் வந்து எடுத்தால்தான் கழுத்தை நீட்டுவேன் என்று மணமேடையில் சண்டை பிடித்தேன். வந்தவர் எனக்கென்று ஒரு வாக்கியம்கூடத் தேட வேண்டியிருக்கவில்லை, க்ளிக்.