செட்டியார் பார்க்க வந்த கார்

தங்கச்சாமி சாவியைத் திருகினார். காரில் ஒரு சத்தமும் இல்லை. இன்னொரு தடவை திருகினார். உள்ளே எங்கேயோ ‘டிக்’ என்றது. அதோடு சரி.

“பேட்டரி லேசா எறங்கியிருக்கு. பனி பாருங்க,” என்று அசடு வழிந்தார்.

சித்திரை மாதத்துக் காரைக்குடியில் பனி பெய்ததாக அதற்கு முன்னும் யாரும் சொன்னதில்லை, பின்னும் யாரும் சொன்னதில்லை. ஆனால் காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்த குமரப்பச் செட்டியார் அதற்கும் தலையை ஆட்டினார். கார் விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு நாட்டரசன்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். வெற்றிலைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெத்தன் என்கிற வேலையாள் பின்னாலேயே நின்றான்.

“ஹேண்டில் போட்டுச் சுத்திப் பாத்தா?” என்றார் செட்டியார்.

தங்கச்சாமி முன்பக்கம் ஹேண்டிலைச் சொருகிச் சுற்றினார். வேட்டி அவிழ்ந்தது. கட்டிக்கொண்டு மறுபடி சுற்றினார். மறுபடி அவிழ்ந்தது. கார் அசையவில்லை.

“தள்ளிப் பாத்தா?” செட்டியாரின் குரலில் ஆவல் ஏறியிருந்தது.

தெருவில் போன நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளினார்கள். தெருமுனை வரைக்கும் தள்ளி, அங்கிருந்து திரும்பவும் வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்து விட்டார்கள்.

“அட! தள்ளுனாலும் கெளம்பலையே!” என்றார் செட்டியார். முகமெல்லாம் சிரிப்பு.

தங்கச்சாமிக்கு உடம்பு கூசிப் போயிற்று. பெரிய மனுஷர், நேரே திட்டாமல் சிரித்துச் சிரித்தே குத்துகிறார் என்று நினைத்தார்.

“ஞாயித்துக்கெழம திரும்ப வாரேன். அதுக்குள்ள நீங்க ஒண்ணும் சிரமப்பட வேணாம் தம்பி,” என்று சொல்லிவிட்டுச் செட்டியார் கிளம்பினார்.

சிரமப்படாமல் எப்படி இருப்பது? தங்கச்சாமியின் குடும்பமே அந்தக் கார் விற்பதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

போன மாதம் அரியக்குடிப் பெருமாள் கோயிலுக்குப் போகும்போது கார் நடுரோட்டில் படுத்துவிட்டது. தங்கச்சாமி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, அவர் மனைவி வீரலட்சுமி பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் நின்று தள்ளினாள். அந்த நேரம் பார்த்தா அவளுடைய நாத்தனார் ஏறிய டவுன் பஸ் பக்கத்தில் வந்து தொலைய வேண்டும்? நாத்தனார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “என்ன மதினி, கார்ல போறது காத்தோட்டமா இருக்கா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் வீரலட்சுமி டிரங்குப் பெட்டியோடு சிவகங்கைக்கு, தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

“இந்தக் காரு வாசலை விட்டுப் போனாத்தான் நான் வாசப்படி மிதிப்பேன். அதுவா நானான்னு நீங்களே முடிவு பண்ணிக்கிருங்க!”

அன்று முதல் ஓட்டல் இட்லிதான். தன் உரக்கடையில் இருந்தால் வீட்டு ஞாபகம், வீட்டுக்கு வந்தால் வீரலட்சுமி ஞாபகம். மனுஷன் நிஜமாகவே அழுதார். அக்கம்பக்கத்தில் பார்த்துவிடக் கூடாதே என்று அழுவதற்கும் காருக்குள்ளே போய்த்தான் உட்கார்ந்தார்.

செட்டியார் போன கையோடு தங்கச்சாமி கழனிவாசலுக்கு ஓடினார். அங்கேதான் சபியுல்லா பட்டறை வைத்திருந்தார். ஊரில் எந்த வண்டி நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட பிறகு அதே வண்டிக்கு அடிக்கடி கூப்பிடுவார்கள்.

“பாய், மனசுல உள்ளதச் சொல்லுங்க. இந்த வண்டிக்கு இனியும் செலவு பண்றது தகுமா?”

“தகாதுண்ணே. தொட்டுறாதீக.”

“வித்தாத்தான் எங்க வீட்டுல திரும்பி வருவேங்குது.”

“அப்ப தொட்டுத்தாண்ணே ஆகணும்,” என்று சபியுல்லா கைலியை மடித்துக் கட்டினார்.

ஸ்டார்ட்டரைக் கழற்றி மாட்டினார். கார் கிளம்பிவிட்டது. ஆனால் நிற்கவில்லை. சாவியைத் திருகிப் பார்த்தார்கள், உருவிக் கையில் எடுத்துப் பார்த்தார்கள், சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு தள்ளிப் போய் நின்றும் பார்த்தார்கள். அது பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது.

“வயரு மாறிப்போச்சுண்ணே. ஒரு நிமிசம்.”

வயரை மாற்றினார். இப்போது நின்றது. ஆனால் இடது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடித்தது. ஹாரன் வயரைப் பிடுங்கி வேறெங்கோ செருகினார். இடது பக்கம் ஹாரன் அடிப்பதும் நிற்கவில்லை, அதோடு பிரேக்கை மிதித்தால் வைப்பரும் ஆட ஆரம்பித்தது.

“என்ன பாய் இது?”

“மழை வந்தா பிரேக்க மிதிங்கண்ணே, சரியாப் போகும். இன்ஷா அல்லா, விக்கிற வரைக்கும் தாங்கும்.”

ஞாயிற்றுக்கிழமை செட்டியார் வந்தார். பெத்தனும் வந்தான். தங்கச்சாமி கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருகினார். கார் முதல் திருகிலேயே கிளம்பியது.

“ஓடுதே?” என்றார் செட்டியார். முகம் சுருங்கிப் போயிருந்தது.

“சூப்பரா ஓடுங்க! ஏறுங்க, அரியக்குடி வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிக் காட்டுறேன்!”

போனார்கள். இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் ஹாரன் அலறியது. ஆடு மாடுகளெல்லாம் வயலில் இறங்கி ஒதுங்கின. ரயில்வே கேட்டை நெருங்கும்போது முன்பக்கத்திலிருந்து புஸ்ஸென்று புகை கிளம்பியது. ஹாரன் வேறு நிற்கவில்லை. ரயில்தான் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டது என்று கேட்டுக்காரர் பதறியடித்துக் கேட்டைச் சாத்தினார். கேட்டுக்கு இந்தப் பக்கம் கார் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது.

தங்கச்சாமி சாவியைத் திருகு திருகென்று திருகினார்.

“நின்னுருச்சா?” செட்டியார் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சூடு ஆறுனதும் கெளம்பிரும்ங்க...”

சூடு ஆறியது. கிளம்பவில்லை.

“நல்லா ரிப்பேர் தெரிஞ்ச ஆளு வந்து பாத்தா?”

தங்கச்சாமிக்குப் பொய் சொல்லவும் தெம்பில்லை. “நல்லாத் தெரிஞ்ச ஆளு பாத்ததுதாங்க இது.”

“அவராலயே முடியலையா! அடேயப்பா!” என்று செட்டியார் தொடையில் தட்டினார்.

கடைசியில் அந்த வழியாக வந்த வைக்கோல் வண்டியை நிறுத்தி, கயிறு கட்டிக் காரை இழுக்க வேண்டியதாயிற்று. தங்கச்சாமி தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். செட்டியார் பின்சீட்டில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து, எதிரே வந்தவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டு வந்தார்.

வாசலில் இறங்கியதும், “எனக்குப் புடிச்சுப்போச்சு தம்பி! வெள்ளிக்கெழம வந்து எடுத்துக்கிறேன். வேற யாருக்கும் குடுத்துறாதீக!” என்றார்.

தங்கச்சாமிக்குத் தலைகால் புரியவில்லை. சிவகங்கைக்குப் போகிற லாரிக்காரரிடம் அன்றைக்கே சொல்லி அனுப்பினார்: “காரு வித்துப்போச்சு, வெள்ளிக்கெழம சாயங்காலம் புறப்பட்டு வரச் சொல்லுங்க.”

சொல்லி அனுப்பிய பிறகுதான் யோசனை வந்தது. இந்தக் காரைத் தெரிந்தே ஒரு மனுஷன் வாங்குவானா? செட்டியார் ஏதோ வெள்ளை மனசுக்காரர், பாவம், சிரித்துக்கொண்டே ஏமாறப் போகிறார். நாளைக்கு விஷயம் தெரிந்து, அதே வைக்கோல் வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து வாசலில் விட்டுவிட்டுப் போனால்? திரும்பி வந்த வீரலட்சுமி திரும்பிப் போவாளே! அடுத்த தடவை எந்த லாரிக்காரர் சொன்னாலும் நம்ப மாட்டாளே!

“பாய், எது ஆனாலும் சரி. இது ஓடணும். செட்டியார் ஆயுசுக்கும் ஓடணும்.”

“அப்ப எஞ்சினையே தூக்கி எறியணும்ணே.”

“எறிங்க!”

புதுக்கோட்டைப் பக்கம் புளியமரத்தில் மோதி நசுங்கிப் போன ஒரு காரின் எஞ்சின் நல்ல நிலைமையில் இருந்தது. அதைக் கொண்டுவந்து மாட்டினார் சபியுல்லா. தங்கச்சாமியின் கடையிலிருந்த ரேடியோ போயிற்று, கையிலிருந்த கடிகாரம் போயிற்று. போகட்டும், வீரலட்சுமி வருகிறாளே! அந்த நினைப்பில் அவர் ரேடியோ இல்லாத கடையில் தானே பாடினார். உரம் வாங்க வந்தவர்கள் சீக்கிரமாக வாங்கிக்கொண்டு போனார்கள்.

என்ன அதிசயமோ, இந்தத் தடவை சபியுல்லாவின் கைக்கு எல்லாம் சரியாக அமைந்துவிட்டது. ஹாரன் அடித்தால்தான் அடித்தது. வைப்பர் சொன்னபடி கேட்டது. சபியுல்லாவே நம்பாமல் பானெட்டைத் திறந்து திறந்து பார்த்தார்.

வெள்ளிக்கிழமை குமரப்பச் செட்டியார் பெத்தனோடு உற்சாகமாக வந்தார். கார் கிளம்பியது. உள்ளே இருந்தவர்களுக்கே சத்தம் கேட்கவில்லை.

“இது... அதே காருதானா?”

“அதே காருதாங்க! வாங்க, பிள்ளையார்பட்டி வரைக்கும் போய் ஒரு கும்பிடு போட்டு வந்துருவோம்!”

பிள்ளையார்பட்டிச் சாலையில் கார் வழுக்கிக்கொண்டு போயிற்று. செட்டியார் நெளிந்தார்.

“மேடு பாத்து ஓட்டுங்க தம்பி.”

மேட்டில் ஓட்டினார். அநாயாசமாக ஏறியது.

“வெயில்ல செத்த நேரம் நிப்பாட்டிப் பாருங்களேன்.”

நிறுத்தினார். திரும்பத் தொட்டதும் கிளம்பியது.

“பெரிய பள்ளமாப் பாத்து ஒரு தடவை விட்டு...”

“எங்க விட்டாலும் நிக்காதுங்க!” தங்கச்சாமி பெருமையில் பூரித்துப் போனார்.

கோயிலில் தங்கச்சாமி பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தார். செட்டியார் நெடுநேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். உதடுகள் முணுமுணுத்தன. வெளியே வந்து ஏறினார்கள். கார் முதல் திருகிலேயே கிளம்பியது. செட்டியார் கோபுரத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் பக்தி குறைந்திருந்தது.

காரைக்குடி வந்ததும் செட்டியார் இறங்கினார். கதவைத் தடவிக் கொடுத்தார்.

“நல்ல காரு தம்பி. நல்லா இருங்க. நமக்குச் சரிப்படாது.”

“செட்டியாரே! என்ன சொல்றீக? வெலை கூடன்னா கொறைச்சுக்கிருவோம்!”

“வெலைக்கு என்ன தம்பி...”

“சரி, சும்மா எடுத்துக்கிட்டுப் போங்க! வெலையே வேணாம்!”

“சும்மா குடுத்தாலும் வேணாம். இது ஓடுற ஓட்டம் அப்படி,” என்று பெருமூச்சு விட்டுவிட்டுச் செட்டியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்.

சரியாக அந்த நேரத்தில் தெருமுனையில் ஒரு குதிரை வண்டி திரும்பியது. உள்ளே டிரங்குப் பெட்டி. பெட்டிக்குப் பக்கத்தில் தலை நிறையப் பூவோடு வீரலட்சுமி. வாசலைப் பார்த்தாள். வாசலில் பளபளவென்று நின்ற காரைப் பார்த்தாள்.

“வண்டிக்காரரே, பெட்டிய எறக்காதீக,” என்றாள்.

தங்கச்சாமிக்கு உலகமே இருண்டது. மனைவியிடம் ஓடுவதா, செட்டியார் பின்னால் ஓடுவதா என்று தெரியாமல், நடுவில் நடந்துகொண்டிருந்த பெத்தனின் துண்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

“ஏம்ப்பா பெத்தா, நீயாச்சும் சொல்லு! என் காருல என்னதான் கொறை கண்டாரு உங்க மொதலாளி? இன்னிக்கு எங்கயாச்சும் ஒரு எடத்துல நின்னுச்சா?”

பெத்தன் வெற்றிலைப் பெட்டியை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டு, துண்டை மெல்ல விடுவித்துக்கொண்டான்.

“ஓடுற காரு எங்க வீட்டுலயே ஒண்ணு இருந்தும் பஸ்ஸுலதான் வாறோம்ங்க, பங்காளிக கல்யாணங்காச்சிக்கு இரவல் கேட்டா மூஞ்சி கோணாம சாவியத் தூக்கிக் குடுக்கத்தான் மொதலாளி ஓடாத காரு ஒண்ணு தேடுறாக!”