துண்டுக்குள் முடிந்த வியாபாரம்

“துண்டுத் தரகர் இன்றும் வந்துவிட்டார். இரண்டு சிப்பம் அரிசி நஷ்டம்.” 2005 ஜனவரி முதல் வாரத்தில் என் டைரியில் இப்படி ஒரு குறிப்பு இருக்கிறது. நிவாரணம் கொடுக்க வந்தவரிடமே பேரம் பேசி, கொண்டுவந்ததைக் குறைத்துத் திருப்பி அனுப்பிய மனிதர் உலகத்தில் இவர் ஒருவர்தான். வரலாற்றுப் புத்தகங்கள் ஓரளவு படித்திருக்கிறேன், இன்னொருவர் அகப்படவில்லை.

அவர் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. அய்யலூர் ஆட்டுச் சந்தையில் தரகர். அங்கே விலையை வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். இருவர் கைகோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே விரலைப் பிடித்து அமுக்குவதுதான் பேச்சு. வெளியே நிற்பவனுக்கு இரண்டு முகங்களின் அவஸ்தை மட்டும் தெரியும்.

சுனாமி நாகப்பட்டினத்தைச் சுருட்டிப் போட்ட பிறகு, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நிவாரணச் சாமான்களைச் சேர்த்துத் தரம் பிரித்தோம். பொறுப்பு ஸ்டெல்லா டீச்சர். அவருடைய தங்கை கைக்குழந்தையோடு நாகப்பட்டினத்தில் ஒரு முகாமில் இருந்தாள். எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவளோடு பேசிவிட்டு வந்த டீச்சர் எங்களிடம் ஒன்றைத்தான் சொன்னார்: “சோறு வருதாம். கீழ விரிக்கத்தான் ஒண்ணுமில்லையாம். பிள்ளை ஈரத் தரையில கெடக்காம்.” அதன் பிறகு அவர் வாயில் பாய், போர்வை தவிர வேறு சொல் வரவில்லை.

லாரிக்காரர் வாடகை வேண்டாம் என்றிருந்தார். ஆனால் ஒரு கண்டிஷன். “வண்டி நெறஞ்சாத்தான் நகரும். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள நெறையலைன்னா வெங்காய லோடு ஏத்திருவேன். அப்புறம் என்னையக் கோவிக்கக் கூடாது.”

தரகர் நான்கு பழைய வேட்டிகளைக் கொடுக்க வந்தவர். கொடுத்தார், போகவில்லை. “சந்தை நாள் வரைக்கும் சும்மாதான் இருக்கேன் டீச்சரம்மா. தரம் பிரிக்கிறதுதானே, நம்ம தொழிலுதான்” என்று உட்கார்ந்துவிட்டார்.

பிரித்தார். ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு சேலையின் முந்தானையையும் விரித்து வெளிச்சத்தில் பார்ப்பார். புதுசு என்றால் “பால்பல்லு.” நைந்தது “நாலு பல்லு.” கிழிசல் “கறிக்குத்தான் ஆகும்.” யாரோ ஒரு மகராசன் கல்யாணக் கோட்டு சூட்டைக் கொடுத்திருந்தார். தரகர் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “சீமை ஆடு. நம்ம வெயிலுக்குத் தாங்காது” என்று மூலையில் போட்டார். தலையணைகளின் முதுகைப் பிடித்துப் பார்த்து, “எல்லாம் உரோமம், சதையே இல்ல” என்று வருத்தப்பட்டார்.

விலை முடிந்த ஆட்டுக்குச் சாயம் வைப்பது சந்தை வழக்கம். கட்டி முடித்த மூட்டைகளுக்கெல்லாம் சிவப்புச் சாயத்தில் ஒரு பொட்டு வைத்தார். டீச்சர் நாற்காலியில் செத்த நேரம் கண்ணயர்ந்தபோது அவருடைய கைப்பைக்கும் ஒரு பொட்டு விழுந்தது. பொட்டு வைத்ததையெல்லாம் ஏற்றச் சொல்லியிருந்ததால் கைப்பையும் லாரி ஏறியது. அதை மீட்கப் பாதி மூட்டைகளை இறக்கினோம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்போம். ஆனால் நத்தத்திலிருந்து ஒரு புளி வியாபாரி பத்துச் சிப்பம் அரிசியோடு வந்தார்.

“எத்தனை அப்பு?” என்றார் தரகர்.

“பத்து.”

தரகர் கையை நீட்டினார். துண்டு தானாக வந்து விழுந்தது. வியாபாரியும் பழக்க தோஷத்தில் கையை உள்ளே விட்டார். தரகர் உதட்டைப் பிதுக்கினார். வியாபாரி தலையை ஆட்டினார். தரகர் வானத்தைப் பார்த்தார். வியாபாரிக்கு வேர்த்தது. கடைசியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தரகர் கூவினார்: “டீச்சரம்மா, எட்டுல முடிச்சிட்டேன்!”

“என்னத்த முடிச்சீங்க?”

“பத்துன்னாரு. எட்டுக்கு எறக்கிட்டேன்.”

“ஐயோ, அவரு சும்மா குடுக்க வந்தவருய்யா!”

“யாரா இருந்தா என்ன? சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கிட்டா நாளைக்குச் சந்தையில நம்மளை ஒருத்தன் மதிப்பானா?”

இரண்டு சிப்பத்தைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்ட வியாபாரி என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “சார், நான் இப்ப ஜெயிச்சேனா, தோத்தேனா?”

அதற்கடுத்து, ஐந்து போர்வை கொண்டுவந்த அகரம் விவசாயி மூன்றைத் தந்துவிட்டு, தப்பித்தோம் என்ற முகத்தோடு போனார்.

வெள்ளிக்கிழமை காலை வந்துவிட்டது. லாரி பாதிதான் நிறைந்திருந்தது. பாய் என்று கண்ணில் படவே இல்லை. வெங்காய மண்டியிலிருந்து லாரிக்காரருக்கு ஆள் மேல் ஆள் வந்துகொண்டிருந்தது. டீச்சர் நேராகத் தரகரிடம் போனார்.

“அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும். வீட்டுக்குப் போங்க.”

தரகர் எழுந்திருக்கவில்லை. “ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். இங்க நான் யாருக்குத் தரகு?”

“என்னது?”

“தரகன்னா ஒரு பக்கம் நிக்கணும்ல? இங்க யாருமே சொல்லலை. சாமான் உள்ள வருது, சரி நாம வாங்குற பக்கம் போலன்னு நெனச்சேன். வாங்குற பக்கம்னா எறக்கத்தானே வேணும்?”

டீச்சர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. “அங்க என் தங்கச்சி பிள்ளை ஈரத் தரையில கெடக்குது. அதுக்குத் தரகு.”

“அம்புட்டுதானே? மொதல்லயே சொல்றதுக்கென்ன?” துண்டை உதறிக்கொண்டு வாசல் கேட்டுக்குப் போனார்.

அன்று காலை பள்ளிக்கூட வாசலில் நடந்ததை எந்தச் சட்டத்தில் சேர்ப்பது என்று தெரியவில்லை. ஒரு போர்வையோடு வந்தவர் வீட்டுக்கு ஓடி இன்னும் மூன்று கொண்டுவந்தார். பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டவர், மகள் வீட்டுக்கு வாங்கிய கோரைப்பாயைக் கொடுத்துவிட்டு வழி கேட்காமலே போனார். பாய்க் கடைக்காரர் ஒருவர், வாசலில் என்ன கூட்டம் என்று எட்டிப் பார்த்தார். கை துண்டுக்குள் போனது. கால் மணி நேரத்தில் ஒரு தள்ளுவண்டி நிறையப் பாய் வந்தது. தள்ளிக்கொண்டு வந்தவர் அவரேதான். “விரலை விட மாட்டேங்குறாருய்யா!” என்று எங்களிடம் புகார் சொல்லிக்கொண்டே இறக்கினார். நத்தம் வியாபாரிக்கும் தகவல் போய், அவர் இரண்டு சிப்பத்தையும் திருப்பிக் கொண்டுவந்தார். “இப்பவாச்சும் ஜெயிச்சேனா சார்?” என்றார்.

மத்தியானத்துக்கு முன்பே லாரி நிறைந்து பிதுங்கியது. அதைப் பார்க்க வந்த லாரிக்காரரின் கையையும் தரகர் பிடித்தார். லாரிக்காரர் தன் புதுத் தார்ப்பாயை, இனி திரும்பி வர வேண்டாம் என்று, மேலே கட்டி அனுப்பினார். தரகரே மூட்டைகள் மேல் ஏறிக் கயிறு இழுத்தார்.

மூன்றாம் நாள் டீச்சரின் தங்கை போன் செய்தாள். பாய் வந்தது, போர்வை வந்தது, பிள்ளை இப்போது ஈரம் படாமல் தூங்குகிறது. கூடவே ஒரு சந்தேகம்: பாய்ச் சுருள் ஒன்றுக்குள் ஒரு துண்டும் இருந்ததாம். மூன்று தரம் துவைத்தும் ஆட்டு வாடை போகவில்லையாம். ஆனாலும் பிள்ளை அதைப் போர்த்தினால்தான் தூங்குகிறதாம்.

அடுத்த சந்தைக்கு அய்யலூர் போயிருந்தேன். தரகர் சட்டை முனையைத் தூக்கிக் கையை மறைத்து, வயிறு தெரியப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். துண்டு எங்கே என்றேன். “எங்கயோ விழுந்திருச்சு சார்” என்றவர், எதிராளியின் விரலை விடாமலே கேட்டார்: “பிள்ளை தூங்குதாமா?”

வந்த துண்டுக்குத் தங்கை சொன்னது பச்சைக் கரை. தரகர் துண்டில் டீச்சருக்கு ஞாபகமிருப்பது நீலக் கரை. நான் கரையைக் குறித்துவைக்கவில்லை. ஆகவே அது அவருடைய துண்டுதானா என்பது இன்றுவரை உறுதி செய்யப்படாத தகவல். உறுதி செய்ய நான் முயலவும் இல்லை. வேறு யாருடையதாவது என்று தெரிந்துவிட்டால் எனக்குத் தாங்காது.