மாடி இல்லாத தீவு

இந்த ஊரில் இனி ஒரு நாள்கூட இருக்கமாட்டேன் என்று நான் முடிவு கட்டியபோது, என் உடம்பில் பாதி லிஃப்டுக்குள்ளும் பாதி வெளியிலுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே நின்றுகொண்டு நாலாம் மாடி வக்கீல் கேட்டார், "எப்ப சரியாகும்?" நான் இன்னும் திருப்புளியைக்கூட எடுக்கவில்லை.

நான் லிஃப்ட் மெக்கானிக். வாழ்க்கையில் ஏற்ற இறக்கம் உண்டு என்பார்கள். எனக்கு அதற்குத்தான் சம்பளம். ஊரில் பாதிப் பேரைத் தூக்கிவிடுகிறேன்; என்னைத் தூக்கிவிடத்தான் ஆளில்லை. தெரிந்தவர்கள் என்னைப் பார்த்தால் சௌக்கியமா என்று கேட்பதில்லை. "நின்னுபோச்சு" என்கிறார்கள். ஒருமுறை பல் பிடுங்கப் போனேன். வாயில் ஊசி போட்டு மரத்துப்போகும் வரை காத்திருந்த டாக்டர், தன் கட்டடத்து லிஃப்ட் ஏன் நடுவில் குலுங்குகிறது என்று கேட்டார். வாய் வேலை செய்யாததால் கையாலேயே விளக்கம் சொன்னேன். ஃபீஸைக் குறைத்துக்கொள்ளவில்லை.

அந்த நேரத்தில்தான் படகுக் கம்பெனியில் ஆள் தேடுகிறார்கள் என்று காதில் விழுந்தது. கரையிலிருந்து மூன்று தீவுகளுக்குப் படகு விடுகிறவர்கள். மூன்றாவது தீவின் துறையில் சரக்கு இறக்க ஒரு கிரேன் இருக்கிறதாம். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு மெக்கானிக் வேண்டும். துறைக்குப் பக்கத்திலேயே வீடும் உண்டு. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"அந்தத் தீவுல எத்தனை மாடிக் கட்டடம் இருக்கு?"

"மாடியா? அங்க ஓட்டு வீட்டைத் தாண்டி எதுவும் கிடையாதே" என்றார் படகுக் கம்பெனி மேனேஜர், ஏதோ குறையைச் சொல்கிறவர் மாதிரி.

போனிலேயே ஒத்துக்கொண்டேன். திங்கட்கிழமை வந்து சேர்ந்துவிடுகிறேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டேன்.

ஒரு சின்னச் சிக்கல் மிச்சமிருந்தது. அவளை நான் கல்யாணம் செய்துகொண்டிருந்தேன்.

என் மனைவி எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். ஆளை ஒரு பார்வை பார்த்தாலே அளவு எடுத்துவிடுவாள். என்னை அளந்து முடித்து வெகுநாளாகிறது. அந்தக் கடையை அவள் ஒற்றைத் தையல் மிஷினில் ஆரம்பித்து வளர்த்தாள். மூடிவிட்டு என்னோடு தீவுக்கு வா என்று நேரே சொன்னால் கத்தரிக்கோல் எந்தப் பக்கமும் திரும்பலாம். அதனால் ஒரு திட்டம் போட்டேன். ஒரு நாள் தீவுகளைச் சுற்றிக் காட்டுவது. கடலும் காற்றும் பார்த்து மயங்கி, "இங்கேயே இருந்துடலாமாங்க" என்று அவள் வாயாலேயே வரவேண்டும். நான் பெரிய மனது பண்ணிச் சம்மதிப்பேன்.

"ஞாயித்துக்கிழமை தீவு பாக்கப் போலாமா?"

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "யாரு?"

"நீயும் நானும்தான். பின்னே எதிர்வீட்டுக்காரரையா கூட்டிட்டுப் போவேன்?"

"லிஃப்ட் நின்னா?"

"நிக்கட்டும்."

அப்போதுதான் நிமிர்ந்தாள். எழுந்து வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

"சரி, போலாம்" என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் சரி சொல்லி நான் கேட்டதில்லை. திட்டத்தின் பலம் அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை படகுத்துறைக்குப் போனோம். டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால்தான் மேனேஜரின் அறை. போனில் பேசிய குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்து, "வாங்க, நாளைக்கு வேலையில சேர்றீங்கல்ல" என்று ஆரம்பித்துவிட்டால் கதை கந்தல். அதனால் நான் புத்திசாலித்தனமாக ஒதுங்கிக்கொண்டேன்.

"நீ போய் டிக்கெட் எடுத்துட்டு வா. நான் நல்ல இடமா பிடிக்கறேன்."

"அதுக்கென்ன" என்று போனாள். கொஞ்சம் நேரமாயிற்று. டிக்கெட் விலைக்குப் பேரம் பேசுகிறாள் போல என்று எண்ணிக்கொண்டேன்.

படகு கிளம்பியது. அலையில் ஏறியது, இறங்கியது. கதவு சிக்கவில்லை, பட்டன் எரியாமல் போகவில்லை, பாதியில் நிற்கவில்லை. இவ்வளவு ஒழுங்காக ஒன்று ஏறி இறங்குவதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. கரையோரம் பச்சையாக இருந்த தண்ணீர் போகப் போக நீலமானது. மனைவி தலைமுடி காற்றில் பறக்க, சின்னப் பெண் மாதிரி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எத்தனை நாளாயிற்று இவளை வெளிச்சத்தில் பார்த்து என்று நினைத்தேன். வருத்தமாகக்கூட இருந்தது. பிறகு திட்டம் ஞாபகம் வந்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க."

"இங்க இருக்கறவங்க குடுத்துவச்சவங்க."

"ஆமாங்க" என்றாள். ரொம்ப அடக்கமாக.

முதல் தீவில் வெள்ளை மணல், தென்னை மரங்கள், ஒரு டீக்கடை. அந்தத் தீவிலேயே உயரமான விஷயம் தென்னைதான். அதில் ஏறுகிறவன் பட்டன் அமுக்குவதில்லை. டீக்கடையில் உட்கார்ந்தோம். தலைக்கு மேல் மின்விசிறி கிறீச் கிறீச் என்று அழுதது.

"பாவம், அந்த ஃபேன்" என்றாள் மனைவி.

என்னிடம் ஒரு கெட்ட குணம். மிஷின் அழுதால் எனக்குப் பொறுக்காது. குழந்தை அழுதால்கூடப் பேப்பர் படிப்பேன். ஸ்டூலைப் போட்டு ஏறிவிட்டேன். ஃபேன் சரியானது. கடைக்கார அம்மா டீயோடு ஒரு மிக்ஸியையும் கொண்டுவந்து வைத்தார். அது முடிவதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தண்ணீர் மோட்டாரை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். படகு சங்கு ஊதியபோது நான் இன்னும் டீயைக் குடிக்கவில்லை. மனைவி கடலில் கால் நனைத்துவிட்டு, சோழி பொறுக்கிக்கொண்டு, ஒரு இளநீரும் குடித்துவிட்டு வந்தாள்.

"அருமையான இடங்க" என்றாள். எனக்கு மூச்சு வாங்கியது.

இரண்டாவது தீவில் படகு நெருங்கும்போதே கரையில் கூட்டம் தெரிந்தது. யாரோ மந்திரி வருகிறார் போல என்று நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். இறங்கியதும்தான் தெரிந்தது, வந்திருந்தது நான். சைக்கிள், இஸ்திரிப்பெட்டி, சுவர்க் கடிகாரம், மாவரைக்கும் மிஷின், சாவி கொடுத்தால் கை தட்டும் குரங்கு பொம்மை எல்லாம் வரிசையில் நின்றன. எல்லாவற்றின் பின்னாலும் ஒரு மனிதர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"நான் மெக்கானிக்னு இவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மனைவியின் காதைக் கடித்தேன்.

"உங்க முகத்துலயே எழுதியிருக்குங்க. நான் போய் அந்தப் பாறைப் பக்கம் பாத்துட்டு வரேன். ஆமை வருமாம்."

ஆமை வந்ததாம். அவள் பார்த்தாள். நான் குரங்குக்குக் கை தட்டக் கற்றுக்கொடுத்தேன்.

பரவாயில்லை, மூன்றாவது தீவுதான் நம் தீவு, அங்கே கிரேன் ஒன்றுதான் வேலை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அங்கே வரிசையில் நாற்காலியே போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் நாற்காலியிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க தம்பி. புது மெக்கானிக் நீங்கதானே?"

நான் திடுக்கிட்டு மனைவியைப் பார்த்தேன். நல்லவேளையாக அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆளை மாத்திச் சொல்றீங்க" என்று முணுமுணுத்தேன். அவர் விடவில்லை. துறையில் தொங்கிய பெரிய வெண்கல மணியைக் காட்டினார். அதன் கயிறு துறையோரம் இருந்த ஒரு சின்ன வீட்டின் ஜன்னலை உரசிக்கொண்டு போனது.

"அது மெக்கானிக் வீடு. தீவுல எது ரிப்பேரானாலும் இந்த மணியை அடிப்போம். ஒரு தடவை அடிச்சா மோட்டார். ரெண்டு தடவைன்னா ஃப்ரிட்ஜ்."

"விடாம அடிச்சா கிரேனா?" என்றேன்.

"கிரேன் எதுக்கு அவசரம், அது பாட்டுக்கு நிக்கும். விடாம அடிச்சா டிவி தம்பி. சீரியல் நேரம்."

"இதுக்கு முன்னாடி இருந்த மெக்கானிக் எங்க?"

"போயிட்டாரு."

"எந்தப் படகுல?"

பெரியவர் கொஞ்சம் தயங்கினார். "படகு வர்ற வரைக்கும் அவர் பொறுக்கலை. நல்லா நீந்துவாரு."

 ஊரிலாவது போனை அணைத்துவிட்டு வண்டி நெரிசலில் மாட்டிக்கொண்டேன் என்று கதை விடலாம். இங்கே எந்தப் பக்கம் ஓடினாலும் கடைசியில் கடல். எல்லா வாசலிலிருந்தும் என் வாசல் தெரியும். எனக்கு நீச்சலும் தெரியாது.

மனைவி மணியின் கயிற்றை லேசாக இழுத்துப் பார்த்தாள். டங் என்றது. உடனே இரண்டு பேர் மோட்டாரோடு ஓடிவந்தார்கள்.

சாயங்காலம் திரும்பும் படகில் கையெல்லாம் கிரீஸோடு உட்கார்ந்திருந்தேன். அஸ்தமனம் அழகாக இருந்ததாம். நான் பார்க்கவில்லை. நாளைக்குத் திங்கட்கிழமை என்பது மட்டும்தான் தெரிந்தது.

"என்னங்க, எனக்கு அந்த மூணாவது தீவு ரொம்பப் பிடிச்சுப்போச்சு" என்றாள். "அங்கேயே இருந்துடலாமாங்க?"

காலையில் இந்த ஒரு வார்த்தைக்காக நான் எதையும் கொடுத்திருப்பேன். இப்போது அவசரமாக அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கிரேன் வேலை, வீடு, வாக்குக் கொடுத்தது, அவளிடம் மறைத்தது, எல்லாம்.

"அடடா. வாக்குக் குடுத்துட்டீங்களா?"

"தெரியாம குடுத்துட்டேன்."

"குடுத்தா குடுத்ததுதானேங்க. நான் கடையை மூடிட்டு வந்துடறேன். அந்த மணிச் சத்தம் கொஞ்ச நாள்ல பழகிடும்."

"வேண்டாம்மா. உன் கடை பாவம்."

"என் கடைமேல உங்களுக்கு இவ்வளவு அக்கறைன்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

"நாலாம் மாடி வக்கீல்கூடப் பாவம். அவர் எப்படி ஏறுவாரு?"

"அப்ப நீங்களே போய் மேனேஜர்கிட்ட முடியாதுன்னு சொல்லணும். திட்டுவாரு."

திட்டட்டும் என்று முடிவு செய்தேன். கரை வரும் வரை வசனம் மனப்பாடம் செய்தேன். உடம்பு சரியில்லை என்பதா, உப்புக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்பதா. இறங்கியதும் மேனேஜர் அறைக்குள் போய்க் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

"சார், நான்தான் அந்த மெக்கானிக். மன்னிச்சுக்கங்க. நாளைக்கு வேலைக்கு வர முடியாது."

"தெரியுமே" என்றார் மேனேஜர். "உங்க வீட்டம்மா காலையில டிக்கெட் எடுக்கும்போதே வேண்டாம்னு சொல்லிட்டாங்களே. இன்னைக்கு ஒருநாள் மட்டும் மூணு துறைக்கும் நீங்க வர்றதைச் சொல்லி வைங்கன்னு கேட்டாங்க. நான்தான் வயர்லெஸ்ல சொன்னேன். ரொம்ப நன்றி சார், ஒரே நாள்ல எல்லா ரிப்பேரும் முடிஞ்சுது."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாறாக, நெஞ்சிலிருந்து ஒரு கிரேனையே இறக்கி வைத்த மாதிரி இருந்தது. என் பாழாய்ப்போன லிஃப்டுகள், என் வக்கீல், என் பல் டாக்டர், எல்லாரும் எனக்கு மிச்சம். மேனேஜரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினேன். அவர் உள்ளங்கையெல்லாம் கிரீஸ்.

வெளியே மனைவி பெஞ்சில் உட்கார்ந்து செருப்பிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"லிஃப்ட் குழிக்குள்ள கத்திக் கத்திப் பழகின குரல் உங்களுக்கு. நீங்க ரகசியமா போன் பேசினா கீழ என் கடை வரைக்கும் கேக்குது."

"சரி, வேண்டாம்னு காலையிலேயே சொல்லிட்டே. அதை என்கிட்டயும் காலையிலேயே சொல்லியிருக்கலாமே. நாள் பூரா என்னை ஏன் இப்படி அலையவிட்டே?"

"சொல்லியிருந்தா அப்பவே திரும்பி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பீங்க. கல்யாணமானதுலேருந்து எனக்குத் தீவு பாக்கணும்னு ஆசை."

 அவள் கையிலிருந்த சோழிப் பையை வாங்கிக்கொண்டேன். இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் என் தோளைத் தொட்டாள்.

"என்னங்க, அடுத்த தடவை எங்கேயாவது மலைமேல ஒரு வேலைக்கு ஒத்துக்கங்களேன்."